டிஷ்ஷுக்குப் பிடித்த மீட்டர்

மொட்டை மாடியில் புதிதாக வந்து நின்ற டிஷ்ஷுக்குத் தன் வட்ட முகத்தின் மேல் அப்படி ஒரு கர்வம். அந்த வீட்டு ராக்கினியின் மகள் அன்று சாயங்காலம் டிவியில் பாடப்போகிறாள். அதற்குள் டிஷ் சரியான செயற்கைக்கோளைப் பார்த்துத் திரும்பியாக வேண்டும். உதவிக்கு இரண்டு சிக்னல் மீட்டர்கள் வந்தன.

திரை வைத்த மீட்டர் நிதானமாகப் பார்த்தது. “சிக்னல் வருது. ஆனா இது நம்ம செயற்கைக்கோள் இல்ல, பக்கத்துல இருக்கிறது. இன்னும் கொஞ்சம் கிழக்கே திரும்பணும்” என்றது.

“என்னையே குறை சொல்றியா?” என்று டிஷ் முகம் சுளித்தது.

முள் வைத்த மீட்டருக்கு எல்லாச் செயற்கைக்கோளும் ஒன்றுதான். எது அகப்பட்டாலும் கீ கீ என்று கத்தும். “அண்ணே, பிரமாதம்! இம்மிகூட அசையாதீங்க!” என்று அது கூவியது.

“இதுவல்லவா மீட்டர்!” என்று பூரித்துப்போன டிஷ், அப்படியே நட்டுகளை இறுக்கிக்கொண்டது.

சாயங்காலம் ராக்கினி வீட்டில் தெருவே கூடியிருந்தது. டிவியில் ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்தைத் தவிர எதுவும் வரவில்லை. மகள் பாடி முடித்துவிட்டதைப் போனில் கேட்ட ராக்கினி அழுதேவிட்டாள்.

“அந்த டிவிக்கு விவரம் பத்தாது” என்றது டிஷ்.

மறுநாள் ராக்கினி அதைக் கழற்றித் தரையில் மல்லாக்கப் போட்டு, அதில் வடகம் காயவைத்தாள்.

“பாத்தியா, இப்ப வானம் முழுசையும் என் பொறுப்புல விட்டுட்டாங்க” என்று டிஷ் ஒரு காக்கையிடம் பெருமையடித்தது.

“பின்னே? உங்களை விட்டா யாருங்க இருக்கா?” என்ற காக்கை, அடுத்த வடகத்தைக் கொத்தியது.