நாளைக்கு எந்தக் கடல்?

“நாளைக்கு எங்கம்மாவுக்கு லீவு வேணும், முதலாளி.”

ரஃபயேலே காபிக் கோப்பையை உதட்டருகே பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். நாளை ஆகஸ்ட் பதினைந்து, மாதா விண்ணேற்புத் திருநாள். இத்தாலியே கடற்கரையில் கிடக்கும் நாள். ‘வேறெதை வேணாலும் கேளு. அன்னிக்கு லீவு மட்டும் கேட்டுடாதே’ என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா கோசிமாவிடம் சொல்லியிருந்தாள்.

“யாருக்கு, அசுந்தாவுக்கா? அவ இல்லாம இருநூறு தட்டுக் கத்தரிக்காயை யாரு பொரிக்கிறது? நீயா?”

“விண்ணேற்பு மாதா பேரைத்தான் அவங்களுக்கு வெச்சிருக்கு. நாளைக்கு அவங்க திருநாள். இருபத்திமூணு வருஷமா அந்த நாள்ல உங்க அடுப்படியிலதான் நிக்கிறாங்க. கடல் நாப்பது அடி தூரத்துல இருக்கு. அன்னிக்கு ஒரு தடவைகூட அவங்க கால் நனைச்சதில்ல.”

“போன மாசம் நீ மூணு நாள் காய்ச்சல்னு படுத்துக்கிட்ட. ஒரு குடும்பத்துக்கு அது போதும்.”

மேசைத் தொலைபேசி ஒலித்தது. கோசிமா எடுத்து, வாடகைக்கு விடும் கடற்கரைக் குடைகளின் எண்கள் எழுதும் நோட்டைப் புரட்டினாள். “ஆமாங்க, ரெண்டாவது வரிசையில நாலு குடை இருக்கு. சரிங்க, மாமா சொன்னதும் உறுதி பண்ணுங்க.”

காலையிலிருந்து அந்தச் சாயங்காலத்துக்குள் அது முப்பதாவது அழைப்பு. முப்பது பேரும் மாமாவின் சொல்லுக்குத்தான் காத்திருந்தார்கள்.

அந்த ஊருக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்குக் காற்றடித்தால் கிழக்குக் கரை கொந்தளிக்கும், மேற்கு தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடக்கும். தெற்குக் காற்றடித்தால் தலைகீழ். லசானியாவும் தர்ப்பூசணியும் பிள்ளைகளுமாக எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவது என்பதை இரண்டு வருடங்களாக உச்சோ மாமாதான் முடிவு செய்தார். மாலை ஏழு மணிக்கு ஊர்க்காரர்களின் போன் குழுவில் அவருடைய ஒற்றை வரி வரும். அவர் பெயருக்குப் பக்கத்துப் படத்தில் ஒரு பழைய மீனவத் தொப்பிதான் இருக்கும். மாமாவின் முகத்தை யாரும் பார்த்ததில்லை, அவரை யாரும் சந்தேகப்பட்டதும் இல்லை.

ரஃபயேலேயின் கடை மேற்குக் கரையில் இருந்தது.

“டிவியில வடக்குக் காத்துன்னு சொல்லிட்டான். நாளைக்கு நம்ம கரை பிதுங்கும். இந்த நேரத்துல லீவாம்” என்றார்.

கோசிமா மேசையிலிருந்த உப்புக் குப்பியைக் கவிழ்த்துத் தட்டினாள். உப்பு இறங்கவில்லை. தெற்குக் காற்று முன்கூட்டியே அனுப்பும் ஈரம் ஏறி, மதியமே கட்டியாகியிருந்தது.

“விடியறதுக்குள்ள தெக்குக் காத்தா திரும்பிடும், முதலாளி. நம்ம பக்கம் ஒரு ஆளும் வரமாட்டாங்க.”

ரஃபயேலே வாசலில் நின்ற நீச்சல் காவலனைப் பார்த்துச் சிரித்தார். “பாந்தலேயோ, கேட்டியா? அப்பன் கல்லு ஒடைச்சான், ஆத்தா கத்தரிக்கா பொரிக்கிறா, மக பட்டம் வாங்கிட்டு வந்து எனக்குக் காத்து சொல்றா.”

“நான் படிச்சதே அதைத்தான்.”

“படிச்சு? அம்பது வருஷம் படகுல உக்காந்தவரு உச்சோ மாமா. அவரு சொன்னா அது காத்து. நீ சொன்னா அது வெறும் பேச்சு. போன மாசம் மூணு நாள் அவரு ஒண்ணும் போடலை, எந்தக் கடலுக்குப் போறதுன்னு தெரியாம ஊரே முழிச்சுது. உன்னைக் கேட்டு யாராவது வண்டியை எடுப்பானா?”

கோசிமாவின் காது மடல் சிவந்தது. நோட்டைப் பட்டென்று மூடினாள்.

“சரி. அவரும் தெக்குக் காத்துன்னே சொல்லிட்டா?”

“சொன்னா உங்கம்மாவுக்கு லீவு. உனக்கும் சேர்த்தே தர்றேன். ஆளே வராத நாள்ல கத்தரிக்காயைப் பொரிச்சு நானா திங்கப் போறேன்?”

“பாந்தலேயோ அண்ணே, கேட்டுக்கிட்டீங்கல்ல?”

“கேட்டேன் தங்கச்சி. கண்ணுக்குத்தான் கறுப்புக் கண்ணாடி, காதுக்கு இல்ல.”

கோசிமா சமையலறைக் கதவைத் தள்ளினாள். “அம்மா, ஏப்ரனைக் கழட்டு. நாளைக்கு நாம கிழக்குக் கரைக்குப் போறோம். உன் நீச்சலுடை எந்தப் பெட்டியில கெடக்குன்னு தேடு.”

“அடிப்பாவி, கேட்டுட்டியா?” அசுந்தா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “அது எனக்கு இப்ப ஏறவே ஏறாதுடி.”

“ஏறலைன்னா பாவாடையோட எறங்கு. கடல் ஒண்ணும் சொல்லாது.”

“ஏய், நில்லு” என்றார் ரஃபயேலே. “மாமா இன்னும் ஒரு வார்த்தை சொல்லலை. அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?”

மாதா கோயில் மணி ஏழு அடித்தது. ரஃபயேலே மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கண்ணருகே கொண்டுபோனார். பாந்தலேயோவும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“இதோ, மாமா டைப் பண்றாருன்னு காட்டுது. யாரும் பேசாதீங்க.”

பையைத் தோளில் மாட்டி, ஒரு கையால் அம்மாவை இழுத்துக்கொண்டு கோசிமா வாசலைத் தாண்டினாள். மறு கையிலிருந்த போனில் அவள் கட்டைவிரல் ஓடிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் பொறுங்க முதலாளி, இன்னும் டைப் பண்ணி முடிக்கலை.”