கடைசி வரி வரை படித்தவர்

செண்பகவடிவு வரலாற்றுப் பேராசிரியர் ஆக ஒரே ஒரு தடைதான் இருந்தது. அவருடைய கட்டுரை ஒன்றை யாராவது ஒரு மனிதர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருக்க வேண்டும். எந்திரங்கள் ஆயிரம் முறை மேய்ந்தாலும் கணக்கில் சேராது. படிப்பவரின் கண் வரிவரியாக நகர்வதை அளந்து பல்கலைக்கழகமே சான்று அனுப்பும். அதை ஏய்க்க முடியாது.

மாணவர்கள் கட்டுரைச் சுருக்கத்தைப் படித்ததோடு எழுந்துபோனார்கள். "பிரமாதம்" என்று கைகொடுத்த சக ஆசிரியர்கள் தலைப்பையே தாண்டியிருக்கவில்லை. கணவர் சுடலைமணி உப்பு வண்டிச் சுங்கம் பற்றிய கட்டுரையின் நாலாம் பக்கத்தில் குறட்டை விட்டார்.

ஒருநாள் சான்று வந்தது. படித்தவர், கோவில்பட்டி ஞானதுரை. இருபது வருடமாக, செண்பகவடிவு எதை எழுதினாலும் தவறு என்று மறுத்து எழுதுகிறவர்.

செண்பகவடிவு உடனே அவருக்குப் போன் போட்டார். "முழுசா படிச்சீங்களா சார்?"

"ரெண்டு தடவ படிச்சேன். அத்தனையும் தப்பு."

"படிக்காம விட்டிருந்தா எனக்குப் பதவி கிடைச்சிருக்காதே."

"படிக்காம எப்படிம்மா மறுக்க முடியும்?" என்றார் ஞானதுரை. "போன வருஷம் எனக்கு வந்த சான்றுலயும் உங்க பேரு மட்டும்தான் இருந்துச்சு. அடுத்தத எப்ப எழுதப் போறீங்க?"