எதிர் சோபாவிலிருந்து ஒரு பாட்டு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மண்டல மேலாளர் காதில் மாட்டப் போகிறார்.

டிவி அணைக்கப்பட்டது. மின்விசிறி அணைக்கப்பட்டது. சமையலறைக் குழாய் சொட்டுவதையும் அவர் ஒரு பார்வையால் நிறுத்தப் பார்த்தார். அது காப்பீட்டு நிறுவனத்தில் அவருக்குக் கீழே வேலை பார்க்காததால் தொடர்ந்து சொட்டியது.

ஒயர் இல்லாத இயர்போன், ஒரு ஜோடி. இதை வாங்க அவர் படித்த படிப்பைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் இந்நேரம் டாக்டராகியிருப்பார்.

படித்ததோடு நிற்கவில்லை. சமையலறை வாசலில் நின்று வகுப்பும் எடுத்தார். பாஸ் என்றால் என்ன, ட்ரெபிள் என்றால் என்ன, எல்லாவற்றுக்கும் மேலாக ‘ஒலிமேடை’ என்றால் என்ன. சாதாரண ஜனங்களின் இயர்போனில் பாட்டு காதுக்குள் கேட்கும். உயர்ந்த ரகத்தில் பாடகர் எதிரே உட்கார்ந்து பாடுவது போலக் கேட்கும்.

மனைவி மிக்ஸியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த மிக்ஸியும் அவர் ஆராய்ந்து வாங்கியதுதான். பிடித்துக்கொள்ளாவிட்டால் கீழே குதித்துவிடும்.

ஆகவே அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். “இதுவும் சொதப்பிச்சுன்னா, இனிமே வீட்டுக்கு எது வாங்கினாலும் என் தம்பிதான் வாங்குவான். நீங்க கடைப் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாது.”

அந்தத் தம்பி, ரோட்டோரக் கடையில் எடுத்த இயர்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, வேடிக்கை பார்க்கவென்றே வந்திருந்தான். அடுத்து வாங்க வேண்டியது ஃபிரிட்ஜ். மச்சினன் தேர்ந்தெடுத்த ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடிப்பதைவிட மண்டல மேலாளர் தாகத்தோடே இருந்துவிடுவார்.

பார்சல் மத்தியானமே வந்துவிட்டது. அவர் அலுவலகத்திலிருந்து போட்ட உத்தரவுப்படி மனைவி அதைப் பிரித்து, டிவிக்குப் பக்கத்தில் சார்ஜுக்குப் போட்டிருந்தாள்.

அவர் வெள்ளை டப்பாவைத் திறந்தார். எடுத்தார். மாட்டினார்.

புத்தம்புதுப் பொருளுக்கே உரிய லேசான பிசுபிசுப்பு. ஏற்றுமதித் தரம் என்று நினைத்துக்கொண்டார்.

செல்போன் ‘இணைக்கப்பட்டது’ என்று காட்டியது. பழைய பாட்டு ஒன்றைத் தட்டிவிட்டார்.

முதலில் வந்தது பாட்டு அல்ல, உலகம். குழாய்ச் சொட்டு சுத்தியலாக விழுந்தது. மாடி வீட்டில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். தன் சட்டைக் காலர் கழுத்தில் உரசுவது அவருக்கே கேட்டது. வெளிச் சத்தத்தையும் உள்ளே விடும் வசதி உண்டு என்று விளம்பரத்தில் படித்திருந்தார். இவ்வளவு தாராளமாக விடுவார்கள் என்று படிக்கவில்லை.

பிறகுதான் பாட்டு வந்தது.

காதுக்குள் அல்ல. எதிரே, மாமனார் உட்கார்ந்திருந்த சோபாவிலிருந்து.

ஒலிமேடை! மண்டல மேலாளருக்குக் கண்ணில் நீரே கோத்துவிட்டது.

தலையை இடது பக்கம் திருப்பினார். பாட்டு வலது காதுக்குப் போனது. வலது பக்கம் திருப்பினார். இடது காதுக்கு வந்தது. மனிதன் எங்கேயோ போய்விட்டான் என்று நினைத்தார்.

ஒரே குறை, சத்தம் கொஞ்சம் சன்னம். கூட்டினார்.

மாமனார் மெல்லத் தலையாட்டினார். அவருக்குக் காது மந்தம். இடி இடித்தால் “யாரு வந்திருக்கா?” என்பார். வீட்டில் நடக்கும் எதிலும் கலந்துகொள்ளாமல் சோபாவில் குடியிருப்பவர். அவரே இன்று மாப்பிள்ளையின் சந்தோஷத்தில் பங்கெடுக்கிறார்.

இன்னும் கூட்டினார். மாமனார் தொடையில் தாளம் போட்டார்.

முழுதாகக் கூட்டினார். மாமனார் கண்ணை மூடிக் கையை உயர்த்தி, “ஆஹா!” என்றார்.

சமையலறைக்குள் மச்சினன் அக்காவின் காதோடு கிசுகிசுத்தான். “பாட்டே ஓடலக்கா. சும்மா தலைய ஆட்டிட்டு இருக்காரு. ஃபிரிட்ஜ் நம்ம கைக்கு வந்த மாதிரிதான்.”

“மெதுவாப் பேசுடா. பாவம், அந்தப் பாட்டு முடியிற வரைக்குமாவது சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்.”

மண்டல மேலாளர் எழுந்தார். கிளை மேலாளர்களை வரிசையாக நிறுத்தி வறுத்தெடுக்கும்போது எழுவாரே, அந்த எழுச்சி.

“பாட்டு ஓடுது தம்பி. நீ ஓதுறதும் கேக்குது. உங்கக்கா என்னைப் பாவம்னதும் கேட்டுச்சு. ஃபிரிட்ஜ் உன் கைக்கு வராது.”

மச்சினன் கையிலிருந்த டம்ளர் நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் மண்டல மேலாளருக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கூசியது. அதையும் தரம் என்றே எடுத்துக்கொண்டார்.

மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் மனதில் இருப்பதைச் சொல்ல இருந்த ஒரே இடம் அந்தச் சமையலறை.

“என்னங்க, நல்ல பொருள்தான், ஒத்துக்கறேன். அதனாலதான் சொல்றேன், தயவு பண்ணி இதைத் திருப்பிக் கொடுத்துடுங்க.”

“இந்த ஜென்மத்துல நடக்காது.”

மச்சினன் கழுத்தில் தொங்கியதைச் சத்தமில்லாமல் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். “எனக்கும் இதே மாடல் ஒண்ணு சொல்லிவிடுங்க அத்தான்” என்றான்.

மண்டல மேலாளர் யோசிப்பதாகச் சொன்னார். இதைவிடப் பெரிய வெற்றியை அவர் அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

பாட்டு முடிந்தது.

மாமனார் கண்ணைத் திறந்து, வழக்கம்போலத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். “மாப்பிள்ளை, அந்தக் காது டாக்டர் கெட்டிக்காரர்தான்! அவர் குடுத்த காது மிஷின் இன்னிக்குத்தான் ஒழுங்கா வேலை செய்யுது. நீங்க பேசறது ஒரு வார்த்தை கேக்கல. பாட்டு மட்டும் பிரமாதமா வருது!”

டிவிக்குப் பக்கத்தில் சார்ஜுக்குப் போட்டிருந்த டப்பாக்கள் இரண்டு. இரண்டும் வெள்ளை.