பின்சீட்டுப் பயணம்

போன வருடக் கல்விப் பயணத்துக்கு நான்தான் கார் ஓட்டினேன். பள்ளியில் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் மகள் பூங்கோதை முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். பிள்ளைகள் எதை அதிக நேரம் பார்க்கிறார்களோ, அதை வைத்து அவர்களுக்கான வேலையை அந்தக் கண்ணாடியே முடிவு செய்துவிடும். ராக்கெட் தளம், அருங்காட்சியகம், கலங்கரை விளக்கம் என்று மூன்று நாள் சுற்றிக் காட்டினேன். முடிவு வந்தது: ஓட்டுநர். கழுதை, மூன்று நாளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

இருபது வருடமாக லாரி ஓட்டி இடுப்பு போனவன் நான். பள்ளியில் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு பயணத்துக்கு அனுமதி வாங்கினேன். இதற்கு மேல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த முறை அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்தேன். "ஜன்னலைப் பாரு. என் பக்கம் திரும்பினா அடிதான்" என்றேன்.

திரும்பவே இல்லை. சாப்பிட நிறுத்தினால்கூட இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் காலை, காரை எடுத்ததும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, இன்னைக்கு என்ன கலர் சட்டை போட்டிருக்கே?"