செண்பகவல்லிக்கு என்ன தேவை

மேல்வீட்டு செண்பகவல்லிக்கு என்ன கொடுத்தால் இன்னும் நன்றாக வேலை செய்வாள் என்று, பெண் பார்க்க விசாரிப்பதுபோல, அவள் ஆபீஸ்காரன் என்னிடம் வந்து விசாரித்தான். நான் எதற்கு மறைக்கணும்? "கோவிச்சுக்கிட்டுப் போன மகன் வந்தா போதும் அவளுக்கு" என்றேன்.

மறுமாதமே மகன் நவநீதன் வந்துவிட்டான். சனிக்கிழமை தவறாமல் வருகிறான். அவளும் காய்ச்சலோடுகூட இரண்டு ஆள் வேலை பார்க்கிறாள்.

போன சனிக்கிழமை வாசல்வரை வந்தவன், போனைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். மேலே நெத்திலிக் குழம்பு கொதிக்கிற வாசனை.

"ஏம்ப்பா, மேல போகலையா?"

"அம்மா இந்த வாரம் டார்கெட் முடிக்கலை அத்தை. இப்ப போய்ப் பாத்தா அவங்க ஆபீஸ்ல எனக்குச் சம்பளம் தரமாட்டாங்க."

அவன் தெரு திரும்பியதும் செண்பகவல்லி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நவநீ வந்தானாக்கா?"

"ஒழுங்கா வேலையைப் பாருடி, வருவான்" என்றேன்.