நீலச் சட்டைக்கு ஒரு பாஸ்

எழுந்து நின்றபோது மைதானத்தில் சத்தமே இல்லை.

தலையோடு தலை மோதி விழுந்தது அவனுக்கு நினைவில்லை. தூறல் மட்டும் தெரிந்தது. விளக்குக் கம்பங்களைச் சுற்றிப் பஞ்சு மாதிரி மிதந்துகொண்டிருந்தது. உடம்பு லேசாகிவிட்டிருந்தது.

பந்து காலுக்கு வந்தது.

இடது ஓரத்தில் ஒரு நீலச் சட்டை ஓடத் தொடங்கியது. ஹென்னிங்.

ரைன் நதிக்கரையின் இந்த மைதானத்தில், நீல அணிக்காகப் பதினோரு வருஷம். நடுக்களத்தில் அவன், இடது ஓரத்தில் ஹென்னிங். ஹென்னிங் ஓட நினைக்கும்போதே பந்து புறப்பட்டிருக்கும்.

அனுப்பினான்.

நான்கு பேருக்கு நடுவே, ஈரப் புல்லை உரசிக்கொண்டு, ஹென்னிங்கின் காலடிக்கே போய்ச் சேர்ந்தது பந்து. இத்தனை அழகாக அவன் யாருக்கும் கொடுத்ததில்லை.

யாரும் கைதட்டவில்லை.

அவன் போட்டிருந்தது பச்சைச் சட்டை.

முப்பத்திமூன்று வயது, முழங்கால் இனித் தாங்காது என்று கோடையில் நீல அணி அவனை அனுப்பிவிட்டது. பச்சை அணி ஒரு வருஷத்துக்கு எடுத்துக்கொண்டது. பழைய அணிக்கு எதிராக அவன் இறங்கியது இன்றுதான்.

ஹென்னிங்குக்கு முன்னால் இப்போது கோல்கீப்பர் மட்டும்.

ஹென்னிங் பந்தை நிறுத்தினான். திரும்பி, அது வந்த திசையைப் பார்த்தான். பிறகு மெதுவாக எல்லைக்கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டான்.

நடந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வா, கொஞ்சம் உட்காரலாம்."

பச்சை அணியின் மருத்துவர் ஓடி வந்தார். அதற்குள் அவன் கால்கள் பழகிய பக்கமே நடக்க ஆரம்பித்திருந்தன. ஹென்னிங் தடுக்கவில்லை.

நீல அணியின் பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நகர்ந்து இடம் விட்டார்கள். யாரோ தன் கோட்டைக் கழற்றி அவன் தோளில் போர்த்தினார்கள். மருத்துவர் எதிரில் மண்டியிட்டு, கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ஆம்புலன்ஸுக்குக் கை காட்டினார்.

பக்கத்தில் லோட்டர். நீல அணியின் பயிற்சியாளர். கோடையில் அவனை அறைக்குக் கூப்பிட்டு, ஜன்னலைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னவர்.

"யாரு ஜெயிச்சுக்கிட்டிருக்கா?" என்று அவன் அவரிடம் கேட்டான்.

எதிரே பெரிய பலகையில் பச்சை அணி ஒரு கோல் முன்னால் இருந்தது.

லோட்டர் அவன் தோளில் கிடந்த கோட்டின் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"நாமதான்."