அழுகை ஃபோல்டர்

“சத்தமா அழணும் கேட்டியா. ரெண்டு மூணு பேரு சேந்து அழுதா ரொம்ப நல்லது” என்றாள் சகாயசெல்வி.

ஷிஜி மவுசை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கருங்கல் ஊரில் அந்த ஸ்டுடியோவுக்கு எடிட்டிங் வேலைக்கு வந்த நாளில் இருந்து யார் யாரோ என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். தொப்பையைக் குறை, சம்பந்தியை வெட்டு, மாப்பிள்ளையை வெளுப்பாக்கு. அழுகை கேட்டு வந்தவள் இவள்தான்.

“உங்க மாமிக்க அடக்க வீடியோவுக்கா அக்கா?”

“பின்னே கல்யாண வீடியோவுக்கா? முழுசும் பாத்தாச்சு. ஒரு மூக்கு சீந்துற சத்தம்கூட இல்லே.”

“அழுதாத்தானே அக்கா மைக்குல விழும்.”

“அதுக்குத்தானே மக்கா உன்கிட்ட வந்தேன். கல்யாணத்துக்கு நாதஸ்வரம் எங்கேருந்தோ எடுத்து ஒட்டுதியல்லா? அதுபோல இதையும் ஒட்டு.”

மாமியும் மருமகளும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் அடுப்பு மூட்டி, வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத கதை கருங்கல் சந்தைக்கே தெரியும். சொந்தக்காரர்களுக்குக் காட்ட இப்போது கண்ணீர் வேண்டும்போல. ஷிஜிக்கு வாய் வரைக்கும் வந்தது. கஸ்டமர் ஆச்சே, விழுங்கிக்கொண்டாள்.

பழைய வீடியோ எல்லாம் பின்னறைக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. கேபிள் வழியாக மவுசால் இழுத்தால் பாதி வழியில் நின்றுபோகும். அதனால் ஷிஜி எப்போதும் கறுப்பு ஜன்னலைத் திறந்து கமாண்ட்தான் அடிப்பாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த அபினா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பாத்துக்கோ ஏட்டி. எஸ்சிபின்னு அடி, காப்பி பண்ணுற கமாண்ட். ஒரு எடம் விட்டு, எங்கேருந்து எடுக்கணும். இன்னொரு எடம் விட்டு, எங்க கொண்டு வைக்கணும். அவ்வளவுதான். வைக்கிற எடத்தை மட்டும் ஒழுங்கா அடிக்கணும்.”

“அடிக்கலேன்னா?”

“ஜினோவுக்க கல்யாண வீடியோ மறந்து போச்சா? கொட்டுச் சத்தம் வைக்க வேண்டிய ஃபோல்டர்ல நீ அழுகையைக் கொண்டு வச்சே. அவன் தாலியை எடுக்கான், பின்னால ஒரே ஒப்பாரி.”

“அவங்க ஒண்ணும் சொல்லலியே அக்கா. பொண்ணுக்க அம்மைன்னுல்லா நெனச்சாங்க.”

சகாயசெல்வி வாசலுக்குப் போய் யாரிடமோ போன் பேசிக்கொண்டிருந்தாள். ஷிஜி குரலைத் தாழ்த்தினாள்.

“உயிரோட இருக்கும்போ ஒரு வாய் கஞ்சி குடுக்கல்லே. இப்போ அழுத மாதிரி காட்டணுமாம். இருக்கட்டும். ஒரு வீடியோ கெடக்கு, அதுல அழுறவளவிட பக்கத்துல நிக்கிற கெழவனுக்க இருமல்தான் கூடுதல் கேக்கும். இவளுக்கு அது போதும்.”

அபினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஷிஜி என்டரைத் தட்டினாள். சதவீதம் மெல்ல ஏறத் தொடங்கியது.

“வருதா மக்கா?” சகாயசெல்வி உள்ளே வந்தாள்.

“வந்துகிட்டு இருக்கு. உங்க மொகத்தை எங்க காட்டணும் அக்கா? பெட்டிக்குப் பக்கத்துலயா, குழிக்குப் பக்கத்துலயா?”

“எனக்க மொகமா? அய்ய, அது வேண்டாம். நான் அழுதேன்னா எங்க வீட்டுக்காரரு நம்பவே மாட்டாவ. கூட்டத்துல எங்கேயோ ஒருத்தி அழுத மாதிரி கேட்டா போதும்.”

ஷிஜியின் விரல் கீபோர்டின் மேலேயே நின்றது.

“அப்போ இது யாருக்கு வேண்டி?”

“அவியளுக்குத்தான், எங்க வீட்டுக்காரருக்கு. நானும் அழத்தான் பாத்தேன் மக்கா. அடுக்களையில போயி வெங்காயம்கூட உரிச்சேன். வரல்லே. மாமிக்க வாய் அப்படி. ஊர்ல ஏச்சு வாங்காத ஆளு கெடையாது. வந்தவங்க டீயைக் குடிச்சிட்டு, வெயிலைப் பத்திப் பேசிட்டுப் போனாங்க.”

முந்தானையை எடுத்து வெறுமனே முகத்தைத் துடைத்தாள்.

“அவிய கப்பல்ல கெடந்தாவ. நெட்டு இல்லே, லீவு இல்லே. நேத்துதான் கரையேறி போன் பண்ணினாவ. செலவு எவ்வளவுன்னு கேக்கல்லே. யாரு வரல்லேன்னும் கேக்கல்லே. ‘எங்க அம்மைக்கு யாராவது அழுதாங்களா’ன்னு அது மட்டும் கேட்டாவ. ஊரே அழுதுன்னு சொல்லிப்போட்டேன். இன்னைக்கு வீடியோவை அனுப்பணும்.”

கறுப்பு ஜன்னலில் இருமல் வீடியோ முக்கால்வாசி வந்திருந்தது. ஷிஜி கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினாள். காப்பி ஆவது அங்கேயே நின்றது.

“என்ன மக்கா, கேடாயிப் போச்சா?”

“இல்லே அக்கா. அது வேண்டாம். அதைவிட நல்லா அழுறது ஒண்ணு இருக்கு.”

மறுபடியும் கமாண்டை அடித்தாள். வைக்கிற இடம் அதேதான், எடுக்கிற ஃபைலின் பெயர் மட்டும் வேறு. வந்து சேர்ந்ததும் ஹெட்போனை எடுத்து சகாயசெல்வியின் காதில் மாட்டினாள்.

சகாயசெல்வி கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். மூக்கு சிவந்தது. பிறகு கண்ணில் இருந்து நிஜமாகவே பொலபொலவென்று கொட்டியது.

“யாரு பெத்த மகளோ” என்றாள் ஹெட்போனைக் கழற்றி. “என்னமா அழுகா. இதையே வச்சிரு மக்கா. சாயங்காலம் வாறேன்.”

அவள் படி இறங்கும் வரைக்கும் அபினா பொறுத்திருந்தாள்.

“யாரு அக்கா அது? நெஞ்சு வெடிச்ச மாதிரி?”

“நான்தான். எனக்க மாமிக்க அடக்கத்துல.”

அபினா கண்ணை அகல விரித்தாள். ஷிஜி கறுப்பு ஜன்னலை மூடினாள்.

“எனக்கு வெங்காயம் வேலை செஞ்சுது ஏட்டி.”